வெயில், கால்சியம், தண்ணீர்... கிட்னி நோயாளிக்கு மூன்றுக்கும் கணக்கு உண்டு!

மாஸ்டர் செக்-அப் ரிப்போர்ட் வீட்டுக்கு வந்திருக்கிறது. சர்க்கரை பரவாயில்லை. கொலஸ்ட்ரால் பரவாயில்லை. கிரியாட்டினின் மட்டும் 2.1 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. ‘கிட்னி கொஞ்சம் வீக்கா இருக்கு. பயப்பட வேண்டாம், ஆனா பார்த்து நடந்துக்கணும்’ என்கிறார் டாக்டர். அவ்வளவுதான்! அன்று சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் டாக்டர் ஆகிவிடுகிறார்கள்.

“தண்ணி பத்தலை, அதான். தினம் நாலு லிட்டர் குடிங்க, கிட்னியைக் கழுவி விட்ட மாதிரி ஆயிடும்” என்பார் சித்தப்பா. “கால் வலிக்குதுன்னு சொல்றீங்களே, கால்சியம் கம்மியா இருக்கும். நான் சாப்பிடற மாத்திரையிலயே ஒரு அட்டை வாங்கிக்குங்க” என்பார் பக்கத்து வீட்டு மாமி. “காலையில இளவெயில்ல நில்லுங்க மாமா, வைட்டமின் டி சும்மா கிடைக்கும்” என்பார் மாப்பிள்ளை.

மூன்றுமே பாசத்தில் வந்த யோசனைகள். கிட்னி நன்றாக வேலை செய்கிறவருக்குப் பெரிய தப்பும் இல்லை. ஆனால் நாள்பட்ட சிறுநீரக நோய் வந்தவருக்கு இந்த மூன்றையும் அளவு பார்க்காமல் கொடுத்தால், நல்லது செய்யப்போய் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கிற நிலைமை வரலாம். ஏன் அப்படி? அதைத்தான் கொஞ்சம் விவரமாகப் பார்க்கப் போகிறோம்.

கழிவு மட்டும்தானா கிட்னியின் வேலை?

நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு வடிகட்டுகிற திரவம் சுமார் 180 லிட்டர். மாடியில் இருக்கிற 500 லிட்டர் டேங்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! ஆனால் நாம் சிறுநீராக வெளியேற்றுவது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மீதியெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போய்விடுகிறது. ‘இதில் உப்பு எவ்வளவு வைத்துக்கொள்ளலாம், கால்சியம் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு’ என்று நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்குப் பார்த்துத் திருப்பி அனுப்புகிற கணக்குப்பிள்ளைதான் கிட்னி. நாம் கல்யாண வீட்டில் நாலு அப்பளம் கூடச் சாப்பிட்டாலும், ஏகாதசிக்குப் பட்டினி கிடந்தாலும் ரத்தத்தில் அளவு மாறாமல் இருப்பது அவர் தயவால்தான்.

வடிகட்டும் திறனை இ.ஜி.எஃப்.ஆர். என்று ரிப்போர்ட்டில் போட்டிருப்பார்கள். அது மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று அர்த்தம். 30-லிருந்து 59 வரை மூன்றாம் கட்டம். 15-லிருந்து 29 வரை நான்காம் கட்டம். 15-க்குக் கீழே போனால் ஐந்தாம் கட்டம். டயாலிசிஸ், மாற்று சிறுநீரகம் பற்றியெல்லாம் பேச வேண்டிய இடம். உங்கள் வீட்டு நோயாளி எந்தக் கட்டம் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இனி வரப்போகிற எல்லாக் கணக்கும் அதைப் பொறுத்துத்தான் மாறும்.

நெல்லும் சோறும்

‘வைட்டமின் டிக்கும் கிட்னிக்கும் என்னங்க சம்பந்தம்?’ என்று கேட்கத் தோன்றும். நிறையவே இருக்கிறது.

வெயில் தோலில் பட்டதும் உண்டாகிற வைட்டமின் டி, நெல் மாதிரி. அப்படியே சாப்பிட முடியாது. அது ரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்குப் போய் அரிசியாகிறது. அங்கிருந்து கிட்னிக்கு வந்து கடைசி மாற்றம் நடந்தால்தான் சோறு. உடம்புக்கு உபயோகப்படுகிற இந்த ‘சோற்றுக்கு’ கால்சிட்ரியால் என்று பெயர். கிட்னியில்தான் இந்தக் கடைசிச் சமையல் நடக்கிறது என்பதை இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஃப்ரேசர், கொடிசெக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1970-ல் கண்டுபிடித்தார்கள். அதுவரை கிட்னி நோயாளிகளுக்கு ஏன் எலும்பு உளுத்துப் போகிறது, சாதாரண வைட்டமின் டி கொடுத்தாலும் ஏன் சரியாவதில்லை என்பது புதிராகவே இருந்தது.

கிட்னி பழுதாகப் பழுதாக, அடுப்பு அணைந்துகொண்டே வருகிறது. வீட்டில் மூட்டை மூட்டையாக நெல் இருந்தும் சோறு இல்லை! கால்சிட்ரியால் குறைந்தால், சாப்பாட்டிலிருக்கிற கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது.

அப்படியானால் வெயிலும் வைட்டமின் டி மாத்திரையும் வீணா? வீண் என்று சொல்லிவிட முடியாது. மூன்றாம், நான்காம் கட்டத்தில் அடுப்பு முழுசாக அணையவில்லை. ரத்தத்தில் வைட்டமின் டி நிஜமாகவே குறைவாக இருந்தால் டாக்டர் அதைச் சரிசெய்யத்தான் செய்வார். சிறுநீரில் புரதம் நிறையப் போகிறவர்களுக்கு அந்தப் புரதத்தோடு சேர்ந்து வைட்டமின் டியும் வெளியே போய்விடும். அவர்களுக்குக் குறைபாடு சகஜம். டெஸ்ட் எடுக்கும்போது ‘25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி’ என்ற டெஸ்ட்தான் கையிருப்பைக் காட்டும். 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் பொதுவாகக் குறைபாடு என்பார்கள்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. காலை ஏழு மணி இளவெயில் மனசுக்கு நல்லது, நடைக்கு நல்லது. வைட்டமின் டிக்கு மட்டும் அவ்வளவாக உதவாது. அதற்குத் தேவையான புற ஊதாக் கதிர், சூரியன் உச்சிக்கு ஏறின பிறகுதான் போதுமான அளவு தரைக்கு வரும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் பிரயோஜனமில்லை. நம் மாதிரி மாநிற, கறுப்புத் தோலுக்கு வெள்ளைக்காரர்களைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். வெயிலில் ஒரு நிம்மதி, எவ்வளவு நின்றாலும் அதனால் வைட்டமின் டி விஷமாவதில்லை. மிச்சத்தைத் தோலே அழித்துவிடும். (சித்திரை மாசம் வயதானவரை மொட்டை மாடியில் நிற்க வைத்து மயக்கம் போட வைக்காதீர்கள். அது வேறு வம்பு!)

விஷமாவது மாத்திரையிலும் பொடியிலும்தான். கடைகளில் கிடைக்கிற 60,000 யூனிட் பாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். பாலில் கலந்து வாரம் ஒன்று, இத்தனை வாரம் என்று டாக்டர் எழுதியிருப்பார். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு குடித்தவர்கள் உண்டு. எட்டு வாரம் என்று எழுதின சீட்டை வைத்துக்கொண்டு எட்டு மாசம் வாங்கிக் குடித்தவர்களும் உண்டு. இப்படி அளவு மீறி ரத்தத்தில் கால்சியம் ஏறி, கிட்னி பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி நம் நாட்டு டாக்டர்களே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். வைட்டமின் டி கொழுப்பில் தங்கிவிடுகிற சமாசாரம். நிறுத்தின பிறகும் அதன் வேகம் அடங்க வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. 60,000 யூனிட் பொடி என்பது 1,500 மைக்ரோகிராம் ‘நெல்’. ஆனால் கால்சிட்ரியால் காப்ஸ்யூல் என்பது 0.25 மைக்ரோகிராம்தான். அது நேரடியான ‘சோறு’! அந்தத் துளியே நேராக வேலை செய்யும். கிட்னியின் அனுமதி அதற்குத் தேவையில்லை. மூட்டு வலிக்கென்று கடைகளில் விற்கிற பல கால்சியம் மாத்திரைகளில் இந்தக் கால்சிட்ரியாலும் சேர்ந்தே இருக்கிறது. டாக்டர் எழுதிக்கொடுத்தது ஒன்று, மாமி கொடுத்த அட்டையில் இன்னொன்று என்று இரட்டை டோஸ் உள்ளே போவது இப்படித்தான். டயாலிசிஸுக்கு வராத கிட்னி நோயாளிகளுக்குக் கால்சிட்ரியாலை வழக்கமாக எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம் என்றுதான் 2017-ல் திருத்தப்பட்ட சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறது. யாருக்குக் கொடுப்பது என்பதை நிபுணர் முடிவு செய்யட்டும்.

திரைக்குப் பின்னால் இருக்கிற வில்லன்

எல்லோரும் கால்சியம், கால்சியம் என்று பேசுகிறோம். ஆனால் இந்தக் கதையில் நிஜமான வில்லன் பாஸ்பரஸ்!

நாம் சாப்பிடுகிற எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் உண்டு. பால், தயிர், பருப்பு, மீன், முட்டை, கறி எல்லாவற்றிலும். தேவைக்கு மேல் வந்ததைக் கிட்னி வெளியேற்றிவிடும். கிட்னி தளர்ந்தால் அது தேங்க ஆரம்பிக்கிறது. உடம்பு சும்மா இருக்குமா? எலும்பிலிருந்து எஃப்.ஜி.எஃப்.23 என்ற ஹார்மோன் சுரந்து, ‘இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளு’ என்று மிச்சமிருக்கிற கிட்னியை விரட்டுகிறது. அதே ஹார்மோன் கால்சிட்ரியால் தயாரிப்பையும் குறைத்துவிடுகிறது. அதனால் ரத்தத்தில் கால்சியம் இறங்கப் பார்க்கிறது. அது இறங்குவதைக் கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் உளுத்தம்பருப்பு அளவில் உட்கார்ந்திருக்கிற நான்கு குட்டிச் சுரப்பிகள் கவனித்துவிடும். பாராதைராய்டு என்று பெயர். அவை பி.டி.எச். என்ற ஹார்மோனைச் சுரந்து, எலும்பு என்கிற பேங்க்கிலிருந்து கால்சியத்தை வித்டிரா பண்ணி ரத்தத்தில் போடும்.

உடம்பிலிருக்கிற கால்சியத்தில் 99 சதவிகிதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ஒரு கிலோவுக்குக் குறையாத சேமிப்பு. அதனால் பல வருஷம் எடுத்தாலும் தெரியாது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? லேபில் டெஸ்ட் செய்தால் கால்சியம் 9.2, நார்மல் என்றே வரும். நார்மல் என்பது 8.5-லிருந்து 10.5 வரை. பாஸ்பரஸும் 4.3, நார்மல்! பாஸ் புக்கில் கையிருப்பு சரியாக இருக்கிறது. ஆனால் வீட்டு நகையை அடகு வைத்து அந்தக் கையிருப்பைக் காட்டிக்கொண்டிருக்கிறோம். பி.டி.எச். டெஸ்ட் எடுத்தால்தான் அடகுச் சீட்டு கண்ணில் படும்.

இப்படியே போனால் எலும்பு பலவீனமாகி இடுப்பில், முதுகில், முழங்காலில் வலி வரும். சின்னதாகத் தடுக்கி விழுந்தாலே முறியும். தோலில் காரணமில்லாத அரிப்பு வரும். ரத்தத்தில் பாஸ்பரஸும் கால்சியமும் சேர்ந்து அதிகமானால் அவை ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு மாதிரி படியும். சாதாரண எக்ஸ்ரேயிலேயே ரத்தக்குழாய் வெள்ளைக் கோடாகத் தெரிகிற அளவுக்குப் படிந்துவிடுவதுண்டு. கிட்னி நோயாளிகளில் பலர் கடைசியில் இதய நோயால் பாதிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயமும் நினைவில் இருக்கட்டும். கால்சியம் ரிப்போர்ட்டை ஆல்புமின் அளவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆல்புமின் 4-க்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் கால்சியத்தோடு 0.8 கூட்டிக்கொள்வது டாக்டர்களின் வழக்கம். புரதம் நிறையப் போய் ஆல்புமின் 2.5 ஆகிவிட்டவருக்குக் கால்சியம் 7.8 என்று வந்தால், கணக்குப்படி அது 9.0. குறைவே இல்லை! அதைப் பார்த்துப் பதறிப்போய் மாத்திரை வாங்கினால்..?

ஒரே மாத்திரை, இரண்டு வேலை

‘டாக்டரே கால்சியம் மாத்திரை எழுதித்தானே கொடுத்திருக்கார்?’ என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் எதற்காக எழுதினார் என்று கேட்டீர்களா?

சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுகிற கால்சியம் கார்பனேட், வயிற்றிலேயே சாப்பாட்டிலிருக்கிற பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். அதற்காகத்தான் பல கிட்னி நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கிறார்கள். எலும்புக்குச் சத்து ஊட்டுவதற்கு அல்ல, பாஸ்பரஸைப் பிடிப்பதற்கு! அதே மாத்திரையைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, ராத்திரி படுக்கும்போது போட்டுக்கொண்டால்? பிடிக்க அங்கே பாஸ்பரஸ் இல்லை. கால்சியம் நேராக ரத்தத்துக்குப் போகும். ஒரே மாத்திரை, நேரம் மாறினதால் வேலையே மாறிவிடுகிறது. ‘சாப்பாட்டோடு’ என்று எழுதியிருந்தால் இலையில் சோறு விழுந்த பிறகு, நடுவில் போட்டுக்கொள்ள வேண்டும். காலையில் வெறும் டீ மட்டும் என்றால் அந்த வேளை மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அட்டையிலும் ஏமாந்துபோக இடமிருக்கிறது. 1,250 மி.கி. கால்சியம் கார்பனேட்டில் நிஜக் கால்சியம் 500 மி.கி.தான். ஒரு கம்பெனி 500 என்று போடும், இன்னொன்று 1,250 என்று போடும். இரண்டும் ஒன்றேதான். மூன்றாம், நான்காம் கட்டத்தில் கால்சிட்ரியால் வகை மருந்து எடுக்காதவர்களுக்குச் சாப்பாடு, மாத்திரை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 800-லிருந்து 1,000 மி.கி. நிஜக் கால்சியம் போதும் என்கிறார்கள். அரை லிட்டர் பாலிலேயே 600 மி.கி. வந்துவிடுகிறது. மேலே இரண்டு மாத்திரை என்றால் எங்கே போய் நிற்கும், கூட்டிப் பாருங்கள். அதனால்தான் இப்போது கால்சியம் மாத்திரையின் அளவைக் குறைத்து, தேவைப்பட்டால் கால்சியம் இல்லாத செவலமர், லாந்தனம் போன்ற மருந்துகளுக்கு மாற்றுகிறார்கள். விலை கூடுதல்தான். ஆனால் சிலருக்கு அது தேவைப்படுகிறது.

இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளைத் திரவ மருந்துகள் பலவற்றில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கின்றன. பலவீனமான கிட்னியால் இரண்டையும் வெளியேற்ற முடியாது. வீட்டு ஷெல்பில் இருக்கிறதே என்று எடுத்துக் குடிக்காதீர்கள்.

கால்சியம் அதிகமானால் எப்படித் தெரியும்? பசி இருக்காது. குமட்டும். மலச்சிக்கல். சோர்வு, தூக்கக் கலக்கம், வயதானவர்களுக்குக் குழப்பமான பேச்சு. முக்கியமாக, சிறுநீர் நிறையப் போகும், தாகம் எடுக்கும். கால்சியம் ஏறினால் சிறுநீரைக் கெட்டியாக்கி தண்ணீரைத் திருப்பி எடுக்கிற திறமையைக் கிட்னி இழந்துவிடுகிறது. வீட்டில் என்ன நினைப்பார்கள்? ‘யூரின் நல்லா போகுது, கிட்னி தேறிட்டு வருது’ என்று! உள்ளே உடம்பு வறண்டு, கிரியாட்டினின் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். வைட்டமின் டியில் ஆரம்பித்து, கால்சியத்தில் ஏறி, தண்ணீரில் வந்து முடிகிறது பாருங்கள் இந்தச் சங்கிலி. குறைந்தாலும் சும்மா விடாது. உதட்டைச் சுற்றி, விரல் நுனியில் மதமதப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, கை இழுத்துக்கொள்வது எல்லாம் கால்சியம் இறங்கினதன் அடையாளமாக இருக்கலாம். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனைதான் வழி. மூன்றாம் கட்டத்தில் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்கு ஒரு தடவை, நான்காம் கட்டத்தில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஐந்தாம் கட்டத்தில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கால்சியமும் பாஸ்பரஸும் பார்க்க வேண்டும்.

நாலு லிட்டர் தண்ணீர் கிட்னியைக் கழுவுமா?

சித்தப்பாவின் யோசனைக்கு வருவோம். கனடாவில் மூன்றாம் கட்ட நோயாளிகள் 631 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் வழக்கத்தைவிட லிட்டர் கணக்கில் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஒரு வருஷம் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. கூடுதல் தண்ணீரால் கிட்னி தேய்கிற வேகம் குறையவில்லை! கிட்னியில் கல் இருக்கிறவர் கதை வேறு. அவருக்குத் தண்ணீர்தான் மருந்து. ஆனால் கல் வேறு, கிட்னி தளர்ச்சி வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி வம்பு வருகிறது.

ஆரம்பக் கட்டங்களில் வீக்கம் இல்லை, இதயம் நன்றாக இருக்கிறது என்றால் தாகத்துக்குத் தகுந்தபடி குடித்தால் போதும். ‘கிட்னி பேஷண்ட்டாச்சே’ என்று பயந்து தண்ணீரைக் குறைப்பதும் தப்பு. சிறுநீர் குறைய ஆரம்பித்த பிறகுதான் கணக்கு வேண்டும். பொதுவாக டாக்டர்கள் சொல்கிற கணக்கு இது. நேற்று முழுக்கப் போன சிறுநீர் எவ்வளவோ, அதோடு 500 மில்லி கூட்டினால் வருவதுதான் இன்றைய தண்ணீர்ப் படி. நேற்று 600 மில்லி போயிருந்தால் இன்று 1,100 மில்லி. அந்த 500, மூச்சிலும் வியர்வையிலும் போகிறதை ஈடுகட்ட. கோடையில், காய்ச்சலில் அது மாறும். வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குக் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

தண்ணீர் என்றால் குடத்துத் தண்ணீர் மட்டும் இல்லை. காலை காபி, மோர், ரசம், கஞ்சி, பாயசம், ஐஸ்கிரீம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் கணக்கில் சேரும். ‘நான் தண்ணியே குடிக்கறதில்லை டாக்டர்’ என்று சத்தியம் செய்துவிட்டு, நாலு டம்ளர் ரசம் குடித்துக் கால் வீங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனை சொன்னாலும், தண்ணீரைக் குறைக்கச் சொல்லி நோயாளியிடம் சண்டை போடுவதில் பிரயோஜனமில்லை. உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைக்கவே முடியாது. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. நம் ரத்தத்தின் உப்பு அளவும் கிட்டத்தட்ட அதுதான். அதாவது கிட்னியால் வெளியேற்ற முடியாத 9 கிராம் உப்பு உள்ளே போனால், அது ஒரு லிட்டர் தண்ணீரைக் கேட்டு வாங்கி உடம்பில் நிறுத்திக்கொள்ளும். தாகம் அவர் பலவீனம் இல்லைங்க, உப்பின் வேலை! ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, சிப்ஸ், கடை சாம்பார் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, சமையல் உப்பையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள் நிறுத்தினால் தாகம் தானாக அடங்கும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கிறார்களே, அதை வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. கிட்னி நோயாளிக்கு அது இதயத் துடிப்பையே குழப்பிவிடும். இளநீருக்கும் அதே எச்சரிக்கைதான்.

நாக்கு வறண்டால் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பலாம். ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்ளலாம் (அதுவும் கணக்கில் உண்டு). சர்க்கரை நோய் இருப்பவருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் தாகம் எடுக்கும். அதைக் கட்டுப்படுத்தாமல் தண்ணீரைக் கட்டுப்படுத்த முடியாது.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு ‘உலர் எடை’ என்று ஒன்று குறித்துக் கொடுப்பார்கள். உடம்பில் மிகைத் தண்ணீர் இல்லாதபோது இருக்கிற எடை. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏறுகிற எடை பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர். மூன்று, நாலு கிலோ ஏற்றிக்கொண்டு போனால் அத்தனையையும் நாலு மணி நேரத்தில் எடுக்க வேண்டிவரும். பாதியில் பிரஷர் இறங்கும், கால் முறுக்கும், இதயத்துக்கும் சிரமம். டயாலிசிஸ் முடிந்து வந்து ‘உயிரையே உறிஞ்சிட்டாங்க’ என்று சுருண்டு படுத்துக்கொள்கிறாரே, அதில் பாதி, நேற்றுச் சாப்பிட்ட ஊறுகாய்! பாஸ்பரஸும் அப்படித்தான். அது பெரும்பாலும் செல்களுக்குள்ளும் எலும்பிலும் ஒளிந்திருப்பதால் நாலு மணி நேர டயாலிசிஸில் முழுசாக வராது. மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகும் தொடர வேண்டும்.

இதற்கு நேரெதிரான ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உடம்பு வறண்டால், பலவீனமான கிட்னி ஒரே வாரத்தில் நிறைய இறங்கிவிடலாம். அந்தச் சமயத்தில் ‘தண்ணீர்க் கட்டுப்பாடு’ என்று வாயைக் கட்டக் கூடாது. பிரஷர் மாத்திரை, நீர் பிரிகிற மாத்திரை, சில சர்க்கரை மாத்திரைகளைக்கூட ஓரிரு நாள் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும். அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள். வலி மாத்திரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சமையலறையில்...

‘கேழ்வரகு கூழ் நல்லதாச்சே?’ என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கால்சியம் இருக்கிறது. பாஸ்பரஸும் இருக்கிறது, ஆனால் தானியங்களிலும் பருப்பிலும் இருக்கிற பாஸ்பரஸில் பாதிக்கு மேல் உடம்பில் சேராது. எனவே பரம எதிரி இல்லை. பொட்டாசியம் ஏறியிருப்பவர் மட்டும் கேட்டுக்கொண்டு சாப்பிடட்டும். பால், மீன், கறியிலிருந்து வருவது அதைவிட அதிகம் சேரும். மோசமானது எது என்றால் கம்பெனிக்காரர்கள் சேர்க்கிற பாஸ்பேட். கோலா பானங்கள், ப்ராசஸ்டு சீஸ், பதப்படுத்திய இறைச்சி, பாக்கெட் உணவுகள். அது கிட்டத்தட்ட அப்படியே ரத்தத்தில் சேர்ந்துவிடும். பாலை நிறுத்துவதற்கு முன்னால் பேரனோடு சேர்ந்து குடிக்கிற கோலாவை நிறுத்தலாம். எனக்குக் கேட்டால், கிட்னி நோயாளிகளுக்குக் கொடுக்கிற ‘சாப்பிடக் கூடாது’ பட்டியல் பல வீடுகளில் தேவைக்கு மேல் நீளமாகவே இருக்கிறது. எதையும் சாப்பிடாமல் இளைத்துப் போவதும் நோய்தான். ஒரு தடவை டயட்டீஷியனைப் பார்த்து அவருடைய ரிப்போர்ட்டுக்குத் தகுந்தபடி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது வீட்டிலிருக்கிற எல்லா அட்டைகளையும், பொடிகளையும், டானிக்குகளையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மேஜையில் பரப்பி, ‘இதுல எது எதுக்கு, எப்ப சாப்பிடணும், எது வேண்டாம்?’ என்று கேளுங்கள். தினம் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபி குடிப்பதற்கு முன்னால், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்துக் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால், கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தால், படுத்தால் மூச்சு முட்டினால், அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். சிறுநீர் அளக்க ஒரு லிட்டர் பிளாஸ்டிக் அளவுக் குவளை எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும். சமையலறைக் குவளையோடு கலந்துவிடாமல் இருக்க, அதன் கைப்பிடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிப் பாத்ரூமிலேயே வைத்துவிடுங்கள்.